இலவச ஃபேன் எவ்வளவு தாங்கும்?

கம்ப்யூட்டர் கடையில் பிராசசர் வாங்கியவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினால் டப்பாவுக்குள் ஃபேனும் ஹீட்சிங்கும் சேர்ந்தே வருகின்றன. அதைப்போல மூன்று நான்கு மடங்கு விலை கொடுத்து உச்ச ரக பிராசசர் வாங்கினால், பகட்டான டப்பாவுக்குள் பிராசசர் மட்டும்தான் இருக்கிறது. ஃபேனைத் தனியாக வாங்கச் சொல்கிறார்கள். எந்த வியாபாரத்திலும் பெரிய பொருள் வாங்குகிறவருக்குத்தான் சின்னப் பொருளை இலவசமாகக் கொடுப்பார்கள். இங்கே மட்டும் ஏன் தலைகீழ்?

மேட்டூரில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களைக் கேட்டால், இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வார்கள். தை மாசம் சத்தமே இல்லாமல் ஓடிய அதே சிஸ்டம் சித்திரை பிறந்ததும் ஏன் இரைகிறது? "தம்பி, ரெண்டர் போட்டா ஃபேன் இந்தக் கத்து கத்துதுங்களே, புதுசுதானே?" என்பார் ஸ்டுடியோக்காரர். "புதுசுதாங்கண்ணா, வெயிலுக்கு அப்படித்தான்" என்பார் கடைக்காரப் பையன். பையன் சொல்வது சரிதான். ஆனால் வெயிலுக்கும் பெட்டிக்குள் இருக்கும் சிலிக்கனுக்கும் என்ன கணக்கு என்பதைப் பார்த்துவிட்டால் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வரும்.

உள்ளே போன மின்சாரம்

மின்விசிறிக்குக் கொடுக்கும் மின்சாரம் காற்றை நகர்த்துகிறது. மோட்டாருக்குக் கொடுப்பது கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பிராசசருக்குக் கொடுப்பது என்ன ஆகிறது? கணக்குப் போடுகிறது, படம் காட்டுகிறது என்று சொல்லலாம். ஆனால் கணக்கின் விடை எந்த ஆற்றலையும் தூக்கிக்கொண்டு வெளியே போவதில்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றும் திறந்து மூடும்போது துளி மின்னேற்றம் நிரம்புகிறது, வடிகிறது. வடியும்போது அது வெப்பமாகிறது. ஒரு விநாடியில் சில நூறு கோடித் தடவை இது நடக்கிறது. ஆக, 65 வாட் உள்ளே போனால் ஏறக்குறைய 65 வாட்டும் வெப்பமாகவே வெளியே வந்தாக வேண்டும்.

மேட்டூர் அனல்மின் நிலையத்தைக்கூட இந்த விஷயத்தில் சிக்கனமானது என்று சொல்லத் தோன்றுகிறது. நான்கு 210 மெகாவாட் அலகுகளும் பிறகு வந்த ஒரு 600 மெகாவாட் அலகும் கொண்ட அந்த நிலையம், நிலக்கரி தரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கையாவது மின்சாரமாக்கிவிடுகிறது. மிச்சத்தைத்தான் தண்ணீரிலும் காற்றிலும் கொட்ட வேண்டியிருக்கிறது. பிராசசரோ வாங்கிய அத்தனையையும் கொட்டுகிறது.

ஆரம்பத்தில் இது பிரச்சினையாக இல்லை. 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற முதல் நுண்செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள்தான். அதன் மேல் ஃபேனும் கிடையாது, ஹீட்சிங்கும் கிடையாது. 1993இல் வந்த முதல் பென்டியம் 15 வாட் அளவைத் தொட்டபோது ஹீட்சிங்கும் ஃபேனும் கட்டாயமாயின. 2004இல் வந்த பிரெஸ்காட் வகை பென்டியம் 4 நூறு வாட்டைத் தாண்டியது. வேகத்தை மட்டுமே ஏற்றிக்கொண்டு போனால் சூட்டைச் சமாளிக்க முடியாது என்று இன்டெல்லுக்கே புரிந்த வருஷமும் அதுதான். அடுத்து வரவிருந்த பிராசசர் ஒன்றைக் கைவிட்டுவிட்டு, ஒரே சில்லில் பல கோர்கள் வைக்கும் வழிக்குத் திரும்பியது.

வாட் கொஞ்சம்தான், இடம் அதைவிடக் கொஞ்சம்

65 வாட் என்பது பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. இதற்கா இவ்வளவு பாடு? சிக்கல் வாட்டில் இல்லை, அது பிறக்கும் இடத்தில் இருக்கிறது.

வீட்டு இஸ்திரிப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 வாட், அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் வருகிறது. அந்த 5 வாட்டில்தான் பருத்திச் சட்டை கருகுகிறது. இனி, 2023 ஜனவரியில் வந்த ஏஎம்டி ரைசன் 5 7600. இதன் ஆறு கோர்களும் இருக்கும் சிலிக்கன் துண்டின் பரப்பு சுமார் 70 சதுர மில்லிமீட்டர், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரைவிடக் குறைவு. முழு வேலை செய்யும்போது அந்தத் துண்டில் மட்டும் 65 வாட் பிறக்கிறது என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 90 வாட்டுக்கு மேல். இஸ்திரிப்பெட்டியைப்போலப் பதினெட்டு மடங்கு. அப்படியிருந்தும் அது 95 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. அதுதான் அந்த பிராசசருக்கு வகுத்த எல்லை.

ஆகவே முதல் வேலை குளிரவைப்பது அல்ல. ஒரு சிறு புள்ளியில் குவியும் வெப்பத்தைப் பரப்ப வேண்டும். சிலிக்கனுக்கு மேல் இருக்கும் செப்பு மூடி கொஞ்சம் பரப்புகிறது. அதற்கு மேல் உட்காரும் ஹீட்சிங்க், அதாவது வெப்பத்தை வாங்கிக் காற்றுக்குக் கைமாற்றும் உலோகக் கட்டி, மீதியைச் செய்கிறது.

மால்கோ ஊரின் உலோகம்

இலவசமாக வரும் ஹீட்சிங்க் பெரும்பாலும் அலுமினியம். மேட்டூருக்கு அந்த உலோகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1934இல் அணை கட்டி முடிந்தது, அங்கே மின்சாரம் உற்பத்தியானது, மின்சாரத்தைத் தேடி ஆலைகள் வந்தன. அவற்றில் ஒன்று மால்கோ எனப்படும் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி. இத்தாலியின் மான்டெகாட்டினி நிறுவனத்தின் கூட்டோடு 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலைக்கு, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் வந்து சேர்ந்தது. 2008 இறுதியில் அங்கே அலுமினியம் உருக்குவது நின்றுபோனது.

அலுமினிய ஆலைக்கு மின்சாரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பாக்சைட்டிலிருந்து எடுத்த அலுமினாவைச் சுமார் 950 டிகிரியில் உருகிய உப்புக் கலவையில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சித்தான் உலோகத்தைப் பிரிக்க முடியும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட் செலவாகும். இலவச ஹீட்சிங்கில் 300 கிராம் அலுமினியம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதைப் பிரிக்க மட்டும் நான்கு யூனிட். 65 வாட் பிராசசர் அந்த நான்கு யூனிட்டை அறுபது மணி நேரத்தில் வெப்பமாக்கி ஊதிவிடும்.

வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு கெட்டி. ஆனால் எடை மூன்று மடங்குக்கு மேல், விலையும் அதிகம். கேபினெட்டுக்குள் மதர்போர்டு நின்றவாக்கில் இருக்கிறது. ஹீட்சிங்க் அதிலிருந்து பக்கவாட்டில் தொங்குகிறது. இன்டெல் தரும் பழைய வட்ட ஹீட்சிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கு பிளாஸ்டிக் ஊசிக் கால்கள்தான். அவற்றை நம்பி செப்புக் கட்டியைத் தொங்கவிட முடியாது. அதனால் நடுவில் மட்டும் செம்பு உருளை ஒன்றைச் செருகி, சுற்றிலும் அலுமினியம் வைத்தார்கள். விலை குறைந்த ரகங்களில் அந்தச் செம்பும் இல்லை.

அந்த வட்ட ஹீட்சிங்கைக் கையில் எடுத்து மேலிருந்து பாருங்கள். நடுவிலிருந்து அலுமினியத் தகடுகள் கதிர்களாகக் கிளம்பி, பாதி வழியில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, ஒரே பக்கமாக லேசாக வளைந்திருக்கும். கடையில் இவற்றை ஃபின் என்பார்கள். வெளி விளிம்புக்குப் போகப் போக வட்டம் பெரிதாகிறது, இடைவெளி அகன்றுவிடுகிறது. அந்த இடத்தை வீணாக்காமல் இன்னும் கொஞ்சம் உலோகப் பரப்பைக் காற்றுக்குக் காட்டத்தான் இந்தப் பிரிவு. சூடாக்கி இளக்கிய அலுமினியத் தண்டை அச்சுத் துளை வழியே பிதுக்கி, வேண்டிய உயரத்துக்கு வெட்டினால் ஹீட்சிங்க் தயார். மலிவாகச் செய்ய இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை. இலவசப் பொருள் என்று பலர் இளப்பமாகப் பேசும் இந்தச் சாமானில் இருக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கு உரிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் கட்சி.

காற்று என்னும் கஞ்சன்

அலுமினியம் வரை வெப்பம் சுலபமாக வந்துவிடுகிறது. சங்கடம் அதற்கப்புறம். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தைப்போல ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. தகட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் சூடாகிவிட்டு நகராமல் நிற்கும். அது நகர்ந்தால்தான் அடுத்த காற்று வந்து வாங்கிக்கொள்ள முடியும். ஃபேன் செய்வது இந்த ஒன்றைத்தான்: சூடான படலத்தைத் துரத்திவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவருகிறது. அதனால்தான் ஃபேன் நின்றால் அடுத்த சில நிமிடங்களில் சிஸ்டம் திணறுகிறது.

எவ்வளவு காற்று தேவை? 65 வாட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, தான் 10 டிகிரி மட்டுமே சூடாக வேண்டுமென்றால் விநாடிக்குச் சுமார் ஆறு லிட்டர் காற்று போதும். இது பெரிய அளவில்லை. சின்ன ஃபேனே சமாளிக்கும். ஆனால் ஃபேனில் ஒரு குணம் உண்டு. சுழற்சி இரட்டிப்பானால் காற்றும் இரட்டிப்பாகிறது, அதற்கு ஆகும் மின்சாரமோ எட்டு மடங்காகிறது. சத்தமும் அதோடு ஏறுகிறது. சின்ன ஃபேன் நிறையக் காற்று தர வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றியே தீர வேண்டும். பெரிய ஃபேன் நிதானமாகச் சுற்றி அதே காற்றைத் தந்துவிடும். இலவச ஃபேன் கத்துவதற்கு அதன் அளவுதான் முதல் காரணம்.

இதே கஞ்சக் காற்று இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறது. பிராசசரின் மூடியும் ஹீட்சிங்கின் அடிப்பகுதியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் மேடும் பள்ளமுமானவை. இரண்டும் சில மேடுகளில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். பள்ளங்களில் காற்று. அதை வெளியேற்றத்தான் பேஸ்ட். நல்ல பேஸ்ட்கூட அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குதான் கடத்தும், ஆனால் காற்றைவிட ஏறக்குறைய இருநூறு மடங்கு. அதனால் பள்ளங்களை நிரப்பும் அளவுக்குப் போதும், அதற்கு மேல் அப்பினால் அதுவே தடை. டப்பாவில் வரும் ஹீட்சிங்கின் அடியில் சாம்பல் நிறத்தில் பட்டைகளாகவோ சதுரமாகவோ பேஸ்டைத் தடவியே அனுப்புகிறார்கள். அதன் மேல் இன்னொரு ட்யூப் பேஸ்டைப் பிதுக்குவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் அதிகப்படி உபசாரம்.

தையும் சித்திரையும்: ஒரு கணக்கு

இப்போது ஸ்டுடியோவுக்குப் போவோம். பிராசசர் அதே ரைசன் 5 7600. டப்பாவில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், முழு வேலையில் 88 வாட் வரை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி உண்டு. கூடவே வந்த ஃபேனைத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு வாட் வெப்பம் கடந்துபோக எத்தனை டிகிரி வித்தியாசம் வேண்டும் என்பதை வெப்பத்தடை என்று அழைப்போம். கணக்கு புரிவதற்காக உருட்டிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். சிலிக்கனிலிருந்து மூடி வரை வாட்டுக்கு 0.3 டிகிரி. மூடியிலிருந்து பேஸ்ட், ஹீட்சிங்க் வழியாகக் காற்று வரை 0.5 டிகிரி. மொத்தம் 0.8. முதல் எண் பிராசசருக்குள் இருக்கிறது, நாம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதுதான் ஃபேனின் பொறுப்பு.

தை மாதக் காலை. அறை 25 டிகிரி. கேபினெட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் கூடுதல், 6 டிகிரி என்று வைப்போம். ஆக ஃபேன் உறிஞ்சும் காற்று 31 டிகிரி. பிராசசரின் எல்லை 95. நடுவில் 64 டிகிரி இடம் இருக்கிறது. அதை 0.8ஆல் வகுத்தால் 80 வாட். அதாவது அந்தக் காலையில் இந்த ஃபேனால் 80 வாட்டை வெளியேற்ற முடியும். கேட்பது 88, கிடைப்பது 80. தை மாதத்திலேயே கொஞ்சம் பற்றாக்குறைதான், ஆனால் யாருக்கும் தெரியாது.

சித்திரை மதியம். பாலமலை, சீதமலைப் பாறைகள் காலையிலிருந்து காய்ந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அறை 39 டிகிரி. கேபினெட்டுக்குள் 45. எல்லை அதே 95. இடம் 50 டிகிரியாகச் சுருங்கிவிட்டது. 0.8ஆல் வகுத்தால் 62 வாட்.

ஃபேன் அதே ஃபேன், பிராசசர் அதே பிராசசர். பதினான்கு டிகிரி வெயில் வந்து 18 வாட்டைத் தின்றுவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ஃபேனுக்கு எதையும் குளிர்விக்கும் சக்தி கிடையாது என்பது. அறைக் காற்றைவிட ஒரு டிகிரிகூடக் கீழே அதனால் இறக்க முடியாது. எல்லாக் கணக்கும் அறைக் காற்றிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் ஓடும் விலையுயர்ந்த கூலர் வாங்கினாலும் அந்தத் தண்ணீர் கடைசியில் தன் சூட்டை இதே 39 டிகிரிக் காற்றில்தான் இறக்க வேண்டும்.

சரி, 88 வாட் கேட்கும் பிராசசருக்கு 62 வாட்தான் தாங்கும் என்றால் என்ன ஆகும்? பதினைந்து இருபது வருஷத்துக்கு முன் சிஸ்டம் பட்டென்று அணைந்திருக்கலாம். இப்போதைய பிராசசர் 95 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்கிறது. இதை வேகத்தணிப்பு எனலாம். இங்கேதான் ஓர் ஆச்சரியம். வேகத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வோல்டேஜையும் சேர்த்து ஏற்ற வேண்டும். இரண்டும் கூட்டுச் சேர்ந்து மின்செலவைத் தாறுமாறாக ஏற்றிவிடுகின்றன. பத்து சதவீத வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மின்சாரம் என்பது தோராயக் கணக்கு. இறங்கும்போதும் அதே விகிதம்தான். 80 வாட் 62 ஆகும்போது, சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைந்தாலும் வேகம் எட்டு சதவீதம்தான் குறைகிறது. தையில் ஒரு மணி நேரம் ஓடிய ரெண்டர் சித்திரையில் அறுபத்தைந்து நிமிடம் ஓடும். ஃபேன் போடும் கூச்சலைக் கேட்பவருக்கு இழப்பு இவ்வளவு சின்னது என்று நம்பவே முடியாது.

இதைத் தெரிந்துகொண்டால் இன்னொரு வழியும் திறக்கிறது. மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில் மின் வரம்பை நாமே 88லிருந்து 60 வாட் பக்கம் இறக்கி வைத்துவிடலாம். ஏஎம்டி இதற்கு ஈகோ மோடு என்று பெயரே வைத்திருக்கிறது. வேகம் சித்திரையில் கிடைக்கும் அளவுக்குத்தான் இருக்கும். தை மாதத்தில் சூடு நன்றாக இறங்கும், சத்தமும் அதோடு அடங்கும். பெரிய கூலருக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன் இதை ஒரு வாரம் செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

முப்பத்தெட்டு டிகிரி

இலவச ஃபேனை வடிவமைத்தவர்கள் எந்த அறையை மனதில் வைத்திருந்தார்கள்? அதற்கு ஒரு தடயம் இருக்கிறது. எல்ஜிஏ 775 சாக்கெட்டில் வந்த பென்டியம் 4க்கு இன்டெல் கொடுத்த ஃபேனின் மையத்தில் ஒரு வெப்ப உணரி இருந்தது. உள்ளே வரும் காற்றின் வெப்பத்தைப் பார்த்து அது வேகத்தை மாற்றும். இன்டெல் தன் ஆவணத்தில் மூன்று எண்களைக் கொடுத்தது. கேபினெட்டுக்குள் 30 டிகிரி வரை ஃபேன் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும். 35 டிகிரியில் நடு வேகம், மோசமான சூழ்நிலைக்கு இதுவே உச்சம் என்று பரிந்துரை. 38க்கு மேல் போனால் முழு வேகம்.

சேலம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 38 டிகிரி என்பது செய்தியே இல்லை. 40ஐத் தொட்டால்தான் பத்திரிகையில் போடுவார்கள். அதுவும் வெளியே நிழலில் அளந்த எண். கேபினெட்டுக்குள் அதற்கும் மேல் ஐந்தாறு டிகிரி. வடிவமைத்தவர்கள் மோசமான சூழ்நிலை என்று எழுதிய 35ஐ நம்ம ஊர் மே மாதத்தில் காலைப் பலகாரத்துக்கு முன்பே கடந்துவிடும். கடைக்காரப் பையன் சொன்ன "வெயிலுக்கு அப்படித்தான்" என்பதற்குள் இந்த மூன்று எண்களும் அடங்கியிருக்கின்றன.

இன்றைய ஃபேன்கள் காற்றின் வெப்பத்தைவிட பிராசசருக்குள் இருக்கும் உணரியைப் பார்த்தே வேகத்தை மாற்றுகின்றன. மதர்போர்டு கட்டளையிடுகிறது. ஆனாலும் கணக்கு மாறவில்லை.

விலை கூடினால் ஃபேன் ஏன் இல்லை

மேலே போட்ட கணக்கை உச்ச ரக பிராசசருக்குப் போட்டுப் பாருங்கள். ரைசன் 9 7950எக்ஸ் 230 வாட் வரை எடுக்கும். 0.5 வெப்பத்தடை உள்ள இலவச ஃபேனை மாட்டினால் மூடிக்கும் காற்றுக்கும் இடையே மட்டுமே 115 டிகிரி வித்தியாசம் வேண்டும். 45 டிகிரிக் காற்றோடு கூட்டினால் 160. பிராசசருக்குள் இருக்கும் தடையை இன்னும் சேர்க்கவில்லை. 95க்குள் அடக்க வேண்டுமென்றால் சிலிக்கனிலிருந்து காற்று வரை மொத்தத் தடையும் வாட்டுக்கு 0.22 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கால் கிலோ, அரைக் கிலோ அலுமினியக் கட்டி போதாது. ஒரு கிலோவை நெருங்கும் கோபுரக் கூலரோ தண்ணீர்க் கூலரோ வேண்டும்.

கோபுரக் கூலரில் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவது வெப்பக்குழாய். மூடிய செப்புக் குழாயின் உள்ளே காற்றை எடுத்துவிட்டு ஒரு சொட்டு நீரை விட்டிருப்பார்கள். அழுத்தம் குறைவானதால் நீர் சீக்கிரமே ஆவியாகி, தகடுகள் இருக்கும் முனைக்குப் போய்க் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய உத்தி இது. உள்ளே அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் பழுதாக அதிகம் எதுவுமில்லை.

ஏஎம்டி இதையும் இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. 2018இல் ரைசன் 7 2700எக்ஸோடு வந்த ரெய்த் பிரிசம் கூலரில் நான்கு வெப்பக்குழாய்களும் வண்ண விளக்கும் உண்டு. அடுத்த வருஷம் 12 கோர் 3900எக்ஸோடும் அதைக் கொடுத்தார்கள், 16 கோர் 3950எக்ஸுக்குக் கொடுக்கவில்லை. 2020இல் வந்த 5800எக்ஸ், 5900எக்ஸ் இரண்டுக்கும் இல்லை. இன்டெல் இதற்கு முன்பே, 2015இல் 6700கே காலத்திலேயே, இப்படிப் பெயர் கே என்று முடியும் வரிசைக்கு ஃபேன் தருவதை நிறுத்தியிருந்தது. உச்ச ரகம் வாங்குகிறவர் எப்படியும் தன் ரசனைக்கு ஒரு கூலரை வாங்குவார், கொடுத்தது அலமாரியில் தூங்கும் என்பதும் ஒரு காரணம். எனக்கென்னவோ கணக்கு பாதி, செலவு மிச்சம் பாதி என்றே படுகிறது.

ஆனால் இன்டெல்லின் கோர் ஐ9 12900 இந்த விதிக்குள் அடங்காது. பெயரில் கே இல்லாத இதற்கு லாமினார் ஆர்எச்1 என்ற ஃபேனை டப்பாவிலேயே கொடுத்தார்கள். உச்ச ரகத்துக்கே இலவச ஃபேன்! இதற்கான எண்களைப் படித்தால் சூட்சுமம் விளங்கும். அடிப்படைச் சக்தி 65 வாட், உச்ச சக்தி 202 வாட். ஃபேன் முதல் எண்ணுக்கானது. வாங்குகிறவர் ஆசைப்படுவது இரண்டாவது எண்ணின் வேகத்துக்கு. சின்ன வேலைகளில் சில விநாடிகள் அந்த வேகம் கிடைக்கும், அதுவரை ஹீட்சிங்கின் உலோகமே சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர ரெண்டர் என்றால் கிடைக்காது. டப்பாவின் மேல் எந்த எண்ணைப் பெரிதாக அச்சிடுகிறார்கள் என்பதைவிட எந்த எண்ணுக்கு ஃபேன் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது.

இலவச ஃபேனுக்கு ஒரு வக்காலத்தும் வாங்க வேண்டும். அது மேலிருந்து கீழாக ஊதுவதால், பிராசசரைத் தாண்டிய காற்று மதர்போர்டின் மேல் பரவி, மின்சாரத்தைச் சீர்செய்யும் பாகங்களையும் சேர்த்துக் குளிர்விக்கிறது. கோபுரக் கூலர் பக்கவாட்டில் ஊதுவதால் இந்த உபகாரம் அதனிடம் இல்லை.

பஞ்சு

மேட்டூரிலிருந்து காவிரியோடு கீழே இறங்கினால் குமாரபாளையம், பள்ளிபாளையம். விசைத்தறி ஊர்கள். அங்கே சிஸ்டத்தைக் கழற்றினால் தூசியோடு பஞ்சும் வரும். ஃபேன் இறக்கைகளின் முன் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு. ஃபேனைக் கழற்றியதும் கீழே அலுமினியத் தகடுகளின் மேல் விளிம்பு தெரியாது. இழை இழையாகப் பின்னிய பஞ்சுப் படலம் ஒன்று இடைவெளிகளை மூடியிருக்கும். விரலால் சுரண்டினால் ஒரே துண்டாக உரிந்து வரும். தகடுகளுக்கு உள்ளே போய்ப் பார்த்தால் அலுமினியம் புதிதாகவே இருக்கும், ஏனென்றால் மாதக்கணக்கில் அங்கே காற்றே போகவில்லை. நம் கணக்கில் 0.5 என்று வைத்த தடை இந்த நிலையில் 0.7க்கோ 0.8க்கோ ஏறினால், சித்திரை மதியத்தின் 62 வாட் 50க்கும், 45க்கும் இறங்கும். வெயில் தின்றதற்குச் சமமாகப் பஞ்சும் தின்றுவிடும். வெயிலுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, பஞ்சுக்கு ஒரு பிரஷ் போதும்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டால், ஹீட்சிங்கை நேராக இழுக்கும்போது பிராசசரே ஊசிகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் சிஸ்டத்தை ஓடவிட்டு, அணைத்துவிட்டு, சூடு இருக்கும்போதே இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுக்க வேண்டும். இன்டெல்லின் ஊசிக் கால்களில் வேறு தொல்லை. நான்கில் ஒன்று முழுதாக இறங்காமல் நின்றால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நான்கு முறையும் "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும்.

ஏசி போட்டால்?

போடலாம். அறை 26 டிகிரிக்கு இறங்கினால் கேபினெட்டுக்குள் 32. எல்லை வரை 63 டிகிரி இடம், 79 வாட். தை மாதம் திரும்பி வந்த மாதிரிதான். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். சிஸ்டம் கொட்டும் சூட்டையும் சேர்த்து அதுவே வெளியே தள்ள வேண்டும். கணக்கின்படி அந்த ஒரு யூனிட்டுக்கு ஸ்டுடியோக்காரருக்குக் கிடைப்பது ரெண்டரில் ஐந்து நிமிடம். ஆளுக்காக ஏசி போடுவது வேறு விஷயம். பிராசசருக்காக மட்டும் என்றால், அந்தப் பணத்தில் 0.2 தடையுள்ள கோபுரக் கூலர் ஒன்று வாங்கினால் மொத்தத் தடை 0.5 ஆகிவிடும். அப்போது 45 டிகிரிக் காற்றிலும் 88 வாட் முழுதாகக் கிடைக்கும், பிராசசர் 89 டிகிரியில் நிற்கும்.